பின்பக்கம் கேட்ட மூன்று வெடி

அத்தியாயம் 14

அரிவாள் யார் கைக்குப் போகும் என்று சுகிர்தன் யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்பது வருடமாகத் தைப்பூசத்தன்று அந்த வயலில் புதிர் எடுப்பது, புது நெல்லின் முதல் கதிரை அறுப்பது, அவன்தான். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு இறங்குவான். கிழக்கே பார்த்து நின்று முதல் பிடி கதிரை அறுப்பான். மாமனார் மயில்வாகனம் அதைத் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். அந்தப் புது நெல்லில் ஒரு பிடி கலந்துதான் அன்றைக்குப் பால்பொங்கல்.

இந்தப் பூசத்துக்கு மயில்வாகனம் அரிவாளை இளைய மருமகன் நிரோஜனிடம் நீட்டினார்.

“நீர் இதுவரைக்கும் செய்யேல்லத்தானே. ஒருக்கா இறங்கும், பாப்பம்.”

நிரோஜன் கூச்சத்தோடு இறங்கினான். மடித்துக் கட்டிய வேட்டி அவிழ்ந்து சேற்றில் புரண்டது. அரிவாளைக் கத்தி பிடிப்பதுபோலப் பிடித்தான். மூன்றாவது இழுப்பில்தான் கதிர் அறுந்தது. வரம்பில் நின்ற கௌசலா சிரித்தாள். அவள் சுகிர்தனின் மனைவி. கேலியாகச் சிரித்திருந்தால் அவனும் சேர்ந்து சிரித்திருப்பான். அவள் ஒரு குழந்தை எழுந்து நடப்பதைப் பார்த்தவள்போலச் சிரித்தாள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

அரிவாள் மட்டும் என்றால் விட்டுவிடலாம். போன கிழமை மயில்வாகனம் அலுமாரியைத் திறந்து, பொலித்தீனில் சுற்றிய காணிப் பெர்மிற்றை மேசையில் வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிய அவருடைய தகப்பனுக்குக் கிடைத்தது. அந்தக் காணியைத் துண்டு போட முடியாது. பின்னுரித்து என்று ஒரேயொரு பேரைத்தான் எழுதலாம். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கௌசலா. இளையவள் தேனுகா.

“அருவி வெட்டுக்கு முன்னம் ஒரு பேரை எழுதிப்போடுவன்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் பெர்மிற்றைத் திரும்பச் சுற்றி வைத்தார்.

பேர் மகளுடையது. உழுகிறவன் மருமகன். அடுத்த கிழமை அறுவடைக்கு வெட்டு மெசின் வருகிறது. அதற்குள் அரிவாள் கை மாறிவிட்டது. சுகிர்தன் அதற்கு வேறு அர்த்தம் எடுக்கவில்லை.

---

மத்தியானம் சாப்பிட்ட கையோடு நிரோஜன் வந்து கூப்பிட்டான்.

“அண்ணை, ஒரு உதவி. பின் சுவரில ரெண்டு ஓட்டை போடவேணும். எனக்குக் கை சரிவராது.”

இரண்டு வீடும் ஒரே வளவுக்குள்தான். பழையது வீட்டுத்திட்ட வீடு. அதில் மாமன், மாமியோடு சுகிர்தன் குடும்பம். புதியது நிரோஜன் கட்டாரிலிருந்து அனுப்பிக் கட்டியது. அதற்குச் சீமெந்துக் கல் அரிந்தவன் சுகிர்தன். வெயிலில் நின்று ஆயிரத்து எழுநூறு கல் அரிந்தான். எந்தக் கல்லுக்குப் பின்னால் கம்பி ஓடுகிறது என்று வீட்டுக்காரனைவிட அவனுக்குத்தான் தெரியும். ஆனால் வீடு நிரோஜனுடையது.

முன் அறையில் பெட்டிகள் திறந்து கிடந்தன. சுவர் அகல ரீவி. அதைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாக ஸ்பீக்கர்கள்.

“இது முன்னுக்கு ரெண்டு. இது நடு. நிலத்தில கிடக்கிற பெரிசு நெஞ்சில இடிக்கும். பின் சுவருக்கு ரெண்டு. படத்தில கார் பின்னால வந்தால் பின்னாலதான் கேக்கும் அண்ணை.”

“முன்னால வந்தால்?”

“முன்னால கேக்கும்.”

“வயலிலையும் அப்பிடித்தான் கேக்குது. அதுக்குக் கரண்ட் தேவையில்லை” என்றான் சுகிர்தன், துளைக்கும் மெசினைச் சுவரில் வைத்தபடி.

நிரோஜன் சிரித்தான். அவனுக்குக் கோபம் வராது. அதுவும் சுகிர்தனுக்குப் பிடிக்காத ஒன்று.

ஓட்டை போட்டு, ஸ்பீக்கரை மாட்டி, சுவர் ஓரமாக வயரை இழுத்துக்கொண்டு வந்து ரீவிக்குக் கீழிருந்த சத்தப் பெட்டியின் பின்னால் கொடுத்தார்கள். நிரோஜன் ஒரு பொத்தானை அழுத்தினான். ஒவ்வொரு ஸ்பீக்கராக மழை பெய்வதுபோல இரைந்தது. பின் சுவரில் இரைந்தபோது குசினிக்குள் நின்ற கௌசலா வெளியே எட்டிப் பார்த்தாள்.

“மழையோ?”

“இல்லை மச்சாள். எல்லாம் வேலை செய்யுதோ எண்டு பாக்கிற சத்தம்.”

“எனக்கு உடுப்புக் காயுது எண்டு பயந்திட்டன்.” அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து செற்றியின் கையில் சாய்ந்தாள். “சரி, என்ன படம் போடப்போறீர்?”

“போலீஸ் படம். கொலை, களவு, சண்டை. ஆனால் பேர் சொன்னாலும் தெரியாது. ஒருத்தரும் பாக்காத படம்.”

“ஒருத்தரும் பாக்காத படத்தை நாங்கள் ஏன் பாக்கவேணும்?”

“அதுதான் அநியாயம். நல்ல படம் மச்சாள். ஒரு கிழமைதான் ஓடினது.”

தேனுகா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். “இவர் வந்த நாளிலயிருந்து இந்தப் படத்தைத்தான் சொல்லிக்கொண்டு திரியிறார் அக்கா. இவரே முழுசாப் பாக்கேல்லையாம்.”

நிரோஜன் நிலத்தில் உட்கார்ந்து வயர்த்துண்டுகளைப் பொறுக்கினான். பொறுக்கிக்கொண்டே சொன்னான்.

“நான் அங்க தியேட்டரில வேலை செய்தனான் எண்டு தெரியுந்தானே. படம் முடிய இருவது நிமிசம் இருக்கேக்க எங்களைக் கதவடியில நிக்கச் சொல்லுவினம். சனம் எழும்பினவுடன உள்ளுக்குப் போய்க் கூட்டவேணும், அடுத்த ஆட்டத்துக்கு முன்னம். அப்ப கதவு இடுக்கால கடைசி இருவது நிமிசம் தெரியும். எல்லாப் படத்திலையும் எனக்குத் தெரிஞ்சது கடைசி இருவது நிமிசந்தான். இந்தப் படத்துக்கு உள்ளுக்கு ஏழு பேர், எட்டுப் பேர் இருப்பினம். கடைசியில அந்தக் கான்ஸ்டபிள் ஒரு கதவைத் திறக்க நிப்பான். திறக்கிறானோ இல்லையோ எண்டு எனக்கு ஒவ்வொரு தரமும் நெஞ்சு அடிக்கும். அவன் ஏன் அந்தக் கதவடிக்கு வந்தவன் எண்டு எனக்குத் தெரியாது. எட்டுத்தரம் பாத்தனான். முன்பாதி தெரியாது.”

கௌசலாவின் கையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. அவள் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுகிர்தன் அதைப் பார்த்தான்.

“அப்ப நீர் படம் பாக்கேல்ல” என்றான். “கூட்டினனீர்.”

தேனுகாவின் முகம் மாறியது. நிரோஜன் ஒரு வயர்த்துண்டைக் கையில் சுற்றினான்.

“ஓம் அண்ணை. கூட்டினனான். நல்லாக் கூட்டினனான்.”

“கூட்டினாலும் ரசிக்கத் தெரிஞ்சிருக்கு” என்றாள் கௌசலா. புருசனைத்தான் பார்த்தாள். “நீங்கள் ஒன்பது வரியமா யானைக்குக் காவல் இருக்கிறியள். ஒரு நாளாவது வந்து, அந்த யானை எப்பிடி நிண்டது, என்ன செய்தது எண்டு எனக்குச் சொன்னனீங்களோ?”

“யானை யானை மாதிரித்தான் நிண்டது.”

“அதுதான் சொல்லுறன்.”

பெண்கள் இருவரும் குசினிக்குப் போனார்கள். மாமி விமலேஸ்வரி சேலை மாற்றிக்கொண்டு முற்றத்தில் நின்றார். “வெடிச்சத்தத்தோட படமெண்டால் என்னை விடுங்கோ. சண்டைக் காலத்தில அது எனக்குக் காணும் காணுமெண்டு கேட்டாச்சு. நான் கோயிலுக்குப் போறன்” என்றார். நிரோஜன் மோட்டார் சைக்கிளை எடுத்து அவரை ஏற்றிக்கொண்டு போனான்.

சுகிர்தன் முன் அறையில் தனியே நின்றான்.

பெட்டியின் பின்னால் குனிந்தான். பின் ஸ்பீக்கர் வயர்கள் எவை என்று அவனுக்குத் தெரியும். அவன்தான் இழுத்தவன். சின்னக் கவ்வியை அழுத்தி ஒன்றை இழுத்தான். அடுத்ததையும் இழுத்தான். முனைகளை மடித்துப் பெட்டிக்குக் கீழே செருகினான். அரை நிமிட வேலை.

பெரிதாக ஒன்றும் கெட்டுவிடப்போவதில்லை என்று நினைத்தான். கார் பின்னால் வரும்போது பின்னால் கேட்காது. அவ்வளவுதான். கௌசலா சுவரைப் பார்ப்பாள். நிரோஜன் முழிப்பான். அந்த முழியை ஒருதரம் பார்த்தால் போதும்.

---

மூன்றரை வரைக்கும் படம் தொடங்கவில்லை; சுகிர்தன் மனமில்லாமல் வயலுக்குக் கிளம்பினான். நெல் முற்றினால் யானைக்கு நாள் நட்சத்திரம் கிடையாது. பொழுது சாயக் காட்டு ஓரத்தில் வந்து நிற்கும். பரணில் ஏறி இருந்து காவல் பார்ப்பது அன்றைக்கு அவனுடைய முறை.

படலையடியில் மயில்வாகனம் மறித்தார். அறுபத்தாறு வயது. ரோச்சும் பையுமாகத் தயாராக நின்றார்.

“இண்டைக்கு நான் போறன். நீர் இரும்.”

“நீங்கள் என்னத்துக்கு மாமா? ஏணி வழுக்கும்.”

“நான் கட்டின ஏணி. நிரோஜன் ஆசையாக் கூப்பிடுறார். நீர் போகாட்டில் அவருக்கு மனம் குறையும். படம் முடிய வந்து மாத்தும்.”

அவர் பையைத் திறந்து காட்டினார். வனவிலங்கு ஒபிஸில் கொடுத்த யானை வெடி ஆறு கிடந்தது. ஒவ்வொன்றும் கைக்கொள்ளாத தடிப்பு.

“ஃபோனைக் கொண்டுபோங்கோ.”

“ரெண்டு ஃபோன் சேத்துக்குள்ள போனது காணும். வெடி இருக்குத்தானே.”

வெடிக்கு ஒரு கணக்கு உண்டு. அந்த வாய்க்காலில் எல்லா வயல்காரருக்கும் அது தெரியும். ஒன்று வெடித்தால் யானைக்கு. மூன்று அடுத்தடுத்து வெடித்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு. ஆள் வேண்டும், ஓடி வா.

‘நான்தான் போவன்’ என்று சுகிர்தன் இன்னொருதரம் சொல்லியிருக்கலாம். சொன்னால் கிழவர் விட்டிருப்பார். ஆனால் அவன் நிரோஜனின் முழியைப் பார்க்க வேண்டும். பையை விட்டுவிட்டு உள்ளே திரும்பினான்.

---

நிரோஜன் கதவைச் சாத்தினான். யன்னலைப் பூட்டித் தடித்த திரைச்சீலையை இழுத்தான். எல்லோருடைய ஃபோனையும் வாங்கிச் சத்தத்தை நிறுத்திக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்தான்.

“தியேட்டர் மாதிரி இருக்கவேணும்” என்றான். நடுச் செற்றியில் கௌசலாவும் தேனுகாவும் இருந்தார்கள். சுகிர்தன் கதவோரம் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தான். நிரோஜன் நிலத்தில், கடலைக் கிண்ணத்தைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு இருந்தான்.

படம் தொடங்கியது.

கதாநாயகன் வடிவானவன் இல்லை. வயிறு வைத்த ஐம்பது வயதுக் கான்ஸ்டபிள். போலீஸ் நிலையத்தில் துவக்குகளைப் பூட்டி வைக்கும் அறைக்குக் காவல். ஒரு நாள் துவக்கொன்று துடைக்காமல் திரும்பி வந்திருக்கிறது. மூக்கில் வைத்துப் பார்க்கிறான். சுட்ட மணம். யாரோ எடுத்துப் போய் ஒரு ஆளை முடித்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். சாவி இருப்பது அவனிடமும் அவனுடைய கூட்டாளியிடமும் மட்டும்.

ஒரு சண்டையும் இல்லாமல் முக்கால் மணித்தியாலம் போனது. ஆனாலும் ஒருவரும் அசையவில்லை. படம் நன்றாக இருந்தது. சுகிர்தனுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. எங்கேயாவது ஒரு பிழை பிடிக்கலாமென்று பார்த்தான். கிடைக்கவில்லை.

“இப்ப விளங்குது” என்று நிரோஜன் தனக்குள் சொன்னான். “இதுக்குத்தான் அவன் அந்தத் திறப்பைக் கடைசியில…”

“சொல்லாதையும்” என்றாள் கௌசலா. கிண்ணத்தை அவனிடமிருந்து பறித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு கார் பின்னாலிருந்து வந்தது. சத்தம் முன்னால்தான் கேட்டது. நிரோஜன் தலையைச் சரித்தான். சுகிர்தன் கதிரையில் நிமிர்ந்து இருந்தான்.

“பின்னுக்குக் கொஞ்சம் குறைவாக் கிடக்கு” என்றான் நிரோஜன். முழிக்கவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினான். இன்னும் கூட்டினான். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நிலத்தில் கிடந்த பெரிய ஸ்பீக்கரின் அதிர்வு கதிரைக் காலால் ஏறிச் சுகிர்தனின் முதுகில் இடித்தது.

கௌசலா சந்தோசமாகக் காதைப் பொத்தினாள்.

ஐந்தரை மணி இருக்கும். படத்தில் துறைமுகத்து அரிசிக் களஞ்சியம். கான்ஸ்டபிளைச் சுற்றி வளைத்து நாலு பக்கமும் சுடுகிறார்கள். மூட்டை வெடித்து அரிசி கொட்டுகிறது. அந்த இரைச்சலுக்கு நடுவில், அவர்களுடைய முதுகுக்குப் பின்னாலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வெடி கேட்டது.

நிரோஜன் துள்ளித் திரும்பினான்.

“கேட்டியளோ? இப்ப கேட்டியளோ? அதுதான் பின் ஸ்பீக்கர்.”

தேனுகா கை தட்டினாள். “உண்மையா வெளியில வெடிச்ச மாதிரி.”

கௌசலா வாயைத் திறந்தபடி பின் சுவரைப் பார்த்தாள். பிறகு நிரோஜனைப் பார்த்து, “கெட்டிக்காரன்தான்” என்றாள்.

சுகிர்தன் சுவரைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தான்.

பின் ஸ்பீக்கர் செத்துக் கிடக்கிறது. அது அந்த வீட்டில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

எழும்ப வேண்டும். எழும்பினால் ஏன் என்று கேட்பார்கள். ஸ்பீக்கர்தானே என்பார்கள். இல்லை என்றால், எப்படித் தெரியும் என்பார்கள். கெட்டிக்காரன் என்று இப்போதுதான் சொன்ன அந்த வாய் அவனை என்னவென்று சொல்லும்?

கோயில் வெடியாக இருக்கும் என்று நினைத்தான். பூசம்தானே. கோயில் மேற்குப் பக்கம், வெடி கேட்டது கிழக்கில் என்பதும் அவனுக்குத் தெரியும். பக்கத்து வயல் கணபதியண்ணையாக இருக்கும் என்று நினைத்தான். கணபதி காவடி பார்க்கக் கோயிலுக்குப் போனதை அவன் கண்ணால் பார்த்தவன். யானைக்குத்தான் விட்டிருப்பார், எண்ணிக்கை தவறிவிட்டது என்று நினைத்தான். மயில்வாகனம் எண்ணிக்கை தவறுகிற ஆள் இல்லை.

கான்ஸ்டபிள் களஞ்சியத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஊர்ந்து போனான். கூட்டாளி வந்தான். இரண்டு பேரும் கதைத்தார்கள். திரும்பச் சுடத் தொடங்கினார்கள். ஏழெட்டு நிமிடம் போயிருக்கும். சுகிர்தன் கதிரையில்தான் இருந்தான்.

திரும்ப மூன்று வெடி. இந்தமுறை இடைவெளியே இல்லாமல், அவசரமாக.

“பாருங்கோ, திரும்பியும்—”

“நிப்பாட்டும்” என்றான் சுகிர்தன்.

“என்ன அண்ணை?”

“படத்தை நிப்பாட்டும். அது ஸ்பீக்கர் இல்லை. மாமா.”

“பின் ஸ்பீக்கர்தான் அண்ணை. இந்தச் சத்தம் அப்பிடித்தான்—”

“பின் ஸ்பீக்கர் வேலை செய்யாது. வயரைக் கழட்டினது நான்தான்.”

நிரோஜன் ரிமோட்டை அழுத்தினான். படம் உறைந்தது. வந்த அமைதியில், வயல் பக்கமிருந்து யானை பிளிறுவது எல்லோருக்கும் கேட்டது.

---

வயல் அரை மைல் வராது. சுகிர்தன் இரண்டு சில்லு உழவு மெசினை இழுத்து ஸ்ரார்ட் பண்ணினான். நிரோஜன் அதன் பின் பெட்டியில் ஏறினான். செருப்புப் போடவில்லை. கையில் ஒரு வெறும் தகரமும் கட்டையும் இருந்தன.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பரண் ஒரு பக்கம் சரிந்து நின்றது. அதற்கு அங்கால் இரண்டு யானைகள். ஒன்று பெரிது. காலையில் புதிர் எடுத்த இடத்தில்தான் நின்று, கதிரைச் சுருட்டிப் பிடுங்கி, காலில் தட்டி மண் உதறித் தின்றுகொண்டிருந்தது. மயில்வாகனம் பரணடியில், வாய்க்கால் கட்டின்மேல் கிடந்தார். யானைக்கும் அவருக்கும் இடையில் இருபது முழம் இருக்கும்.

சுகிர்தன் மெசினின் லைற்றை நேரே யானையின் முகத்துக்குத் திருப்பி முறுக்கினான். இயந்திரம் அலறியது. நிற்கிற நெல்லுக்குள்ளேயே விட்டான். வேறு வழி இல்லை. நிரோஜன் குதித்து, தகரத்தை அடித்துக்கொண்டு கட்டு வழியே ஓடினான். கிட்டப் போனதும் தகரத்தை எறிந்துவிட்டுக் கிழவரைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டான். அவர் வலியில் கத்தினார். அவன் நிற்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, வாய்க்காலைக் கடந்து, மறுகரையில் ஏறினான்.

பெரியது இரண்டு எட்டு முன்னே வைத்தது. காதை விரித்தது. சுகிர்தன் கையை முறுக்கியபடியே நின்றான். பின்வாங்கவில்லை. செத்தாலும் பரவாயில்லை என்ற எண்ணம் அவனுக்கு வந்தது. அது தைரியம் இல்லை என்று அவனுக்கே தெரிந்தது.

யானை திரும்பியது. சின்னது பின்னால் போனது. காட்டு ஓரத்தில் மரம் முறிகிற சத்தம் கேட்டு அடங்கியது.

---

கிழவரை நிரோஜனின் செற்றியில் கிடத்தினார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பியிருந்தது. தேனுகா 1990க்கு அடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஒட்டுசுட்டானிலிருந்து வர வேண்டும். கௌசலா ஈரத்துணியால் தகப்பனின் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். ரீவியில் கான்ஸ்டபிள் வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றான். அதை அணைக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

“எப்பிடி அப்பா விழுந்தனீங்கள்?”

“முதல் மூண்டையும் பரணிலயிருந்துதான் விட்டனான்.” மயில்வாகனம் பல்லைக் கடித்துக்கொண்டு கதைத்தார். “அப்ப அதுகள் வேலியடியில. ஆள் வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். வரேல்ல. பிறகு பெரிசு வந்து பரண் காலை உரசிச்சுது. பரண் சரிஞ்சுது. சரி, இறங்கி ஓடுவம் எண்டு ஏணியில கால் வைக்க, ஏணியோட விழுந்திட்டன். விழுந்து கிடந்துதான் மிச்ச மூண்டையும் விட்டனான். அதுக்குப் பிறகு பையில ஒண்டும் இல்லை.”

கௌசலா துணியைப் பிழிந்தாள்.

“ஆருக்குக் கேட்டது?” என்றார்.

நிரோஜன் நிலத்தில் இருந்து காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

“சுகிர்தன் அண்ணைக்குத்தான் மாமா. நாங்கள் படச் சத்தமெண்டு இருந்திட்டம்.”

தேனுகா வாயைத் திறந்தாள். நிரோஜன் அவளுடைய பாதத்தில் கையை வைத்தான். அவள் மூடிக்கொண்டாள். வயரைப் பற்றி ஒரு சொல் அவனிடமிருந்து வரவில்லை.

திட்டியிருந்தால் சுகிர்தன் தாங்கியிருப்பான். அடித்திருந்தாலும் தாங்கியிருப்பான். இதுவும் அவனுக்குக் கொடுக்கத் தெரிகிறதே என்று அந்த நேரத்திலும் பொறாமைதான் வந்தது.

“ஓம்” என்றார் மயில்வாகனம். “அவருக்குத்தான் கேக்கும். மண்ணோட கிடந்தவருக்குத்தான் தெரியும். நான் விசரன், காலமை அரிவாளை மாத்திக் குடுத்தனான்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “கௌசலா. அலுமாரியில பெர்மிற்றோட ஒரு ஃபோர்ம் கிடக்கு. எடுத்து வா.”

“இப்ப என்னத்துக்கு அப்பா?”

“ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நடக்குமோ ஆர் கண்டது. உன்ர பேரை எழுது. நான் கையெழுத்து வைக்கிறன். காணிக் கந்தோர் திறக்க நிரோஜன் கொண்டுபோய்க் குடுப்பார். என்ன நிரோஜன், உமக்கு மனக்குறையோ?”

“இல்லை மாமா. அண்ணைதானே செய்யிறவர்.”

தேனுகா நிலத்தைப் பார்த்தாள்.

கௌசலா முற்றத்தைக் கடந்து பழைய வீட்டுக்குப் போய் வந்தாள். ஃபோர்மை ஒரு கொப்பிக்கு மேல் விரித்து, தகப்பனின் தலைமாட்டில் நிலத்தில் இருந்தாள். பேனையை எடுத்தாள். ஒன்பது வருடமாகச் சுகிர்தன் காத்திருந்த கோடு அந்தத் தாளில் வெறுமையாகக் கிடந்தது. மூன்று ஏக்கருக்கும் அந்த ஒரு கோடுதான்.

அவள் எழுதவில்லை. புருசனை அருகில் வரச்சொல்லிக் கண்ணால் கூப்பிட்டாள். அவன் குனிந்தான்.

“முதல் மூண்டும் வெடிக்கேக்க நாங்கள் எல்லாரும் பின் சுவரைப் பாத்தம்” என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். “நீங்கள் கதவைப் பாத்தனீங்கள்.”

சுகிர்தன் தாளைப் பார்த்தான்.

“நான் கண்டனான். ஏனெண்டு அப்ப விளங்கேல்ல.”

படலையடியில் ஆம்புலன்ஸின் வெளிச்சம் விழுந்து, திரைச்சீலையின் விளிம்பால் உள்ளே வந்தது. நிரோஜன் எழுந்து கதவைத் திறக்கப் போனான்.

“எழுதிப்போட்டியோ பிள்ளை?” என்றார் மயில்வாகனம், கண்ணை மூடியபடி.

கௌசலா பேனைக்கு மூடியைப் போட்டாள்.

“பொறுங்கோ அப்பா. அதுக்கு முன்னம் இவர் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணுமாம்.”